நீலச் சாயம் பூசிய முகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இப்பகுதியில் வழக்கமாக அரசியல் முதல் சமையல் வரை எல்லாம் கலந்து வரும். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே படத்தைப் பற்றியவையாக இருந்ததால், பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். 1962-இல் அமெரிக்காவில் வெளியான 'தி கிரியேஷன் ஆஃப் தி ஹியூமனாய்ட்ஸ்' என்பது அந்தப் படம். ஊமைப்பட காலத்தில் குழந்தை நட்சத்திரமாக இருந்த வெஸ்லி பாரி இயக்கியது. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. அண்மையில் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கம் இதைத் திரையிட்டபோது பார்த்தவர்களும், அவர்கள் சொல்லக் கேட்டுத் தேடிப் பார்த்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அணு ஆயுதப் போருக்குப் பின் மனித இனம் சிறுத்துவிட்டது. பிறப்பு விகிதமும் விழுந்துகொண்டே போகிறது. வேலைகளையெல்லாம் நீலச் சாம்பல் நிற மேனியும் மொட்டைத் தலையும் கொண்ட இயந்திர மனிதர்கள் செய்கிறார்கள். அவர்கள் மனிதச் சாயலை மேலும் நெருங்கிவிடக் கூடாது என்று போராடும் ஒரு சங்கத்தில் கேப்டன் கிரேகிஸ் முக்கியப் பொறுப்பில் இருக்கிறான். அவனுடன் பிறந்தவளோ ஓர் இயந்திர மனிதனோடு குடும்பம் நடத்துகிறாள். கிரேகிஸ் மேக்சின் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கடைசியில், தாங்கள் இருவருமே இறந்துபோனவர்களின் நினைவுகள் ஏற்றப்பட்ட இயந்திரங்கள்தாம் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வந்திருக்கும் கேள்விகளில் பாதி முடிவைப் பற்றியவையே.

*நுங்கம்பாக்கம் வாசகர்: நான்கு பேர் நின்றுகொண்டு பேசுகிறார்கள். பிறகு வேறு நான்கு பேர் நின்றுகொண்டு பேசுகிறார்கள். துரத்தல் இல்லை, சண்டை இல்லை, கேமரா கூட நகர்வதாகத் தெரியவில்லை. இதைச் சினிமா என்று எப்படி ஒப்புக்கொள்வது? சபா நாடகத்தைப் படம்பிடித்ததுபோல் இருந்தது.*

உங்கள் கடிதத்தைப் போலவே இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் 'நாடகம்' என்பது வசவாகவே வந்திருக்கிறது. சபா நாடகங்களைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தச் சொல் இப்படித் தரம் தாழ்ந்துபோனது வருத்தமே. ஆனாலும், உங்கள் குற்றச்சாட்டில் ஒரு பாதி நியாயமானது. மறு பாதி நியாயமற்றது.

முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்போம். கேமராவை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்குகளைத் திரும்ப அமைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நேரம் என்பது தொழிலாளர்களின் கூலியும் அரங்கத்தின் வாடகையும். ஆகவே, கையில் காசு இல்லாத தயாரிப்பாளர் முதலில் குறைப்பது கேமராக் கோணங்களைத்தான். நடிகர்களை வரிசையாக நிறுத்தி, நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் பேசவைத்து எடுத்துவிட்டால் படப்பிடிப்பு நாள்கள் மளமளவென்று குறையும். நீங்கள் பார்த்த அசையாத காட்சிகளுக்குப் பின்னால் இந்தச் சிக்கனம் இருக்கிறது. ஆயினும் ஒளிப்பதிவைக் கவனித்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒளிப்பதிவாளர் ஹால் மோர் ஏற்கெனவே இருமுறை ஆஸ்கர் விருது பெற்றவர். அரங்கத்தின் பின்சுவரில் ஒன்றுமே இல்லாத இடங்களில் வண்ண ஒளியை மட்டும் படரவிட்டு, அங்கே ஏதோ பெரிய கட்டடம் இருப்பதாக நம்மை நம்பவைத்திருக்கிறார். செட்டுக்குப் போட வேண்டிய பணத்தை ஓர் ஆளுக்குச் சம்பளமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது வீண்போகவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து, பேச்சு. கே. பாலச்சந்தரின் 'எதிர் நீச்சல்' (1968) அவருடைய மேடை நாடகத்திலிருந்து வந்தது. பெரும்பகுதி ஒரே ஒண்டிக்குடித்தன வீட்டுக்குள் நடக்கிறது. அதிலும் எல்லோரும் ஓயாமல் பேசுகிறார்கள். அந்தப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை. காரணம், அங்கே ஒவ்வொரு பேச்சும் யாரோ ஒருவருடைய நிலையை மாற்றிவிடுகிறது. கூட்டத்துக்குள் ஒருவன் ஏறுகிறான், இன்னொருவன் இறங்குகிறான். நம் படத்தின் முதல் அரைமணி நேரத்திலோ, இருவருக்கும் முன்பே தெரிந்த செய்தியை ஒருவர் மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் நமக்காக. இதைத்தான் நீங்கள் 'நாடகம்' என்று திட்டுகிறீர்கள். ஆனால் நல்ல நாடக ஆசிரியர் எவரும் இப்படி எழுதமாட்டார். கடைசிக் காட்சியில், இறந்தவர்களின் நினைவுகளை இயந்திரங்களில் ஏற்றும் விஞ்ஞானியான டாக்டர் ரேவன் அந்த இருவரிடமும் உண்மையைச் சொல்லும்போதும் பேச்சுத்தான் நடக்கிறது. ஆனால் அங்கே பேச்சே நிகழ்ச்சி. சொல்லி முடித்த கணத்தில் அவர்கள் இருவரும் வேறு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். அந்தக் காட்சியின்போது அரங்கில் இருமல்கூடக் கேட்கவில்லை என்று வேறொரு வாசகி எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'ரோபோ' என்ற சொல்லே உலகில் பரவியது மேடையிலிருந்துதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1921-இல் பிராக் நகரில் அரங்கேறியது. அதில் வந்த ரோபோக்கள் தகர டப்பாக்கள் அல்லர், மனிதரைப் போலவே தோற்றமளிக்கும் செயற்கை உயிர்கள். மேடையில் வேறு எப்படிக் காட்ட முடியும்? நடிகனே இயந்திரம். அன்று முதல் இன்றுவரை ஏழைத் தயாரிப்பாளர்கள் விண்கலத்தையும் வேற்றுக்கிரகத்தையும் விட்டுவிட்டு, மனிதச் சாயலில் இருக்கும் இயந்திரமான ஆண்ட்ராய்டைப் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

*பெரம்பூர் வாசகர்: இயந்திர மனிதன் என்றால் கொஞ்சம் விறைப்பாகவாவது நடக்க வேண்டாமா? முகத்தில் நீலச் சாயத்தைப் பூசிக்கொண்டு நம் பக்கத்து வீட்டுக்காரர் போல நடக்கிறார்கள். குழந்தைகள் மாறுவேடப் போட்டியில் இதைவிட நன்றாகச் செய்வார்கள்.*

மாறுவேடப் போட்டி என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த முகங்களை உருவாக்கியவர் ஜாக் பியர்ஸ். 1931-இல் போரிஸ் கார்லாஃபுக்கு ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் முகத்தைக் கொடுத்த அதே ஒப்பனைக் கலைஞர். இந்தப் படத்துக்கு வரும்போது அவருடைய பெரிய ஸ்டுடியோ நாள்கள் முடிந்துவிட்டன.

ஒருமுறை கண்களை மட்டும் பாருங்கள். தலையில் மயிர் இல்லை, மேனியில் ஒரே சீராகச் சாயம். இவையெல்லாம் எந்த நாடகக் குழுவும் செய்யக்கூடியவை. ஆனால் கண்களில் உலோகம்போல் மினுங்கும் லென்ஸ்களை அணிவித்திருக்கிறார்கள். கண்மணி தெரியாததால் அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பது நமக்குப் பிடிபடுவதில்லை. விளக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது கண் முழுவதும் வெள்ளித் தகடுபோலப் பளிச்சிட்டு மறுகணம் மங்கிவிடுகிறது. பேச்சு மிக மரியாதையாக, அடக்கமாக இருக்கிறது. பார்வை மட்டும் எங்கும் பதியாமல் இருக்கிறது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. மனிதச் சாயல் கூடக்கூட இயந்திரத்தின் மீது நமக்குப் பிரியம் வளரும், ஆனால் கிட்டத்தட்ட மனிதனாகிவிட்ட ஒரு கட்டத்தில் அந்தப் பிரியம் திடீரென்று அருவருப்பாகச் சரிந்துவிடும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதினார். படம் அதற்கு எட்டு ஆண்டுகள் முந்தியது.

விறைப்பு நடையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்க இயலாது. மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான வேறுபாடு கரைந்துகொண்டே வருகிறது என்பதே கதையின் அடித்தளம். மேனியின் நிறத்தை மாற்றிவிட்டால் யார் எது என்று சொல்ல முடியாத நிலை வர வேண்டுமானால், நடை மனித நடையாகத்தான் இருக்க வேண்டும். பொம்மைபோல் நடக்கவிட்டிருந்தால் குழந்தைகள் கைதட்டியிருப்பார்கள், கதை செத்திருக்கும்.

*திருவல்லிக்கேணி வாசகர்: அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் இந்தப் படத்தைப் புகழ்ந்ததாகச் சொல்கிறார்களே?*

அவருக்கு மிகப் பிடித்த படம் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். சூப் டப்பாவை ஓவியமாக்கியவருக்கு ஒரே அச்சில் வார்த்த மனிதர்களைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அவருக்குப் பிடித்தது என்பதற்காக நமக்கும் பிடித்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

*மயிலாப்பூர் வாசகி: கேப்டனின் உடன்பிறந்தவள் இயந்திர மனிதனோடு வாழ்வதைப் பற்றி வரும் காட்சியில் அரங்கில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதி மாறி மணந்த பெண்ணின் வீட்டுக்கு அண்ணன்காரன் வந்து பேசுவதுபோலவே தோன்றியது. நான் அளவுக்கு மீறி அர்த்தம் கற்பிக்கிறேனா?*

இல்லை. வந்த கடிதங்களிலேயே மிகக் கூர்மையான பார்வை உங்களுடையது என்று தயங்காமல் சொல்வேன். படம் வெளியான 1962-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வது சட்டப்படி குற்றம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லாதென்று அறிவித்தது 1967-இல்தான். படத்தில் இயந்திர மனிதர்களைக் குறிக்க ஓர் இழிசொல் புழங்குகிறது. தூய ரத்தத்தைக் காக்கவென்று ஒரு சங்கமும் இயங்குகிறது. அதற்குச் சீருடை உண்டு, கூட்டங்கள் உண்டு, சந்தேகப்படுகிற இடத்துக்குள் புகுந்து சோதனை போடும் தைரியமும் உண்டு. அன்றைய பார்வையாளருக்கு இது எதைச் சுட்டுகிறது என்று யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

உடன்பிறந்தவளின் வீட்டுக் காட்சியை நீங்கள் நம் ஊரோடு பொருத்திப் பார்த்தது இயல்பே. அவன் அவளுடைய நலனைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுகிறான், அடுத்த வாக்கியத்தில் தன் பதவிக்கு வரக்கூடிய தலைக்குனிவைப் பற்றிப் பேசுகிறான். அவளோ கத்தவில்லை, அழவில்லை. இந்த ஆணோடு எனக்குக் கிடைக்கும் அமைதி எந்த மனிதனிடமும் கிடைக்கவில்லை என்ற பொருளில் நிதானமாகப் பதில் சொல்கிறாள். சிரித்தவர்கள் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அல்லது அந்த அண்ணனின் பேச்சு எங்கோ கேட்ட பேச்சாக இருந்த சங்கடத்தை மறைக்கச் சிரித்திருக்கலாம்.

ஆனால் இந்த உவமை எங்கே தடுக்கி விழுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இயந்திரங்கள் நம்மை ரகசியமாக மாற்றீடு செய்யப் பார்க்கின்றன என்பதே அந்தச் சங்கத்தின் அச்சம். படத்தின் முடிவில் அது உண்மை என்று தெரிகிறது! செத்துக்கொண்டிருக்கும் மனித இனத்தை இயந்திர உடலுக்குள் குடியேற்றிக் காப்பாற்றுகிறோம் என்பது இயந்திரங்களின் நியாயம். ஆயினும் யாரிடமும் ஒப்புதல் கேட்காமல், ஒளித்துத்தான் செய்கின்றன. ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய கதையாக மட்டும் இதைப் படித்தால், வெறுப்பாளர்களின் வதந்தியை மெய்யென்று படமே நிரூபித்துவிடும் ஆபத்து இருக்கிறது. கதாசிரியர் இதை உணர்ந்து செய்தாரா, திருப்பத்தின் மோகத்தில் கவனிக்காமல் விட்டாரா என்று தீர்மானிக்கப் படத்துக்குள் சான்று இல்லை. இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நான் சந்தேகிக்கிறேன். இருந்தும், வெறுப்பைப் பரப்பிய தலைவனே தான் வெறுத்த கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று அறியும் அந்த முரண், உவமையின் ஓட்டையை ஓரளவு அடைத்துவிடுகிறது.

*கிண்டி, பொறியியல் மாணவர்: இறந்தவரின் நினைவை இயந்திரத்தில் ஏற்றுவது அறிவியல்படி சாத்தியமா? எங்கள் விடுதியில் இதை வைத்தே படத்தைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டார்கள்.*

இன்று சாத்தியமில்லை. சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் 302 நரம்பணுக்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்ற வரைபடம் 1986-இல் வெளியானது. வளர்ந்த பழ ஈயின் மூளை வரைபடம், ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்களுடன், 2024-இல்தான் முழுமையாகக் கிடைத்தது. மனித மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி. அப்படியே வரைபடம் கிடைத்துவிட்டாலும் அது இணைப்புகளின் படமே தவிர, நினைவுகளின் பதிவு அன்று. புழுவின் வரைபடம் கையில் இருந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் புழுவின் நடத்தையை முழுமையாகக் கணினியில் எழுப்ப முடியவில்லை.

விடுதி நண்பர்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. ஒரேயொரு பொய்யைக் கடனாகக் கேட்கும் உரிமை எந்த அறிவியல் புனைவுக்கும் உண்டு. கடன் வாங்கிய பொய்க்குள் கதை ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பதே கேள்வி. நினைவேற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும், இத்தனை சோதனைகள் போடும் சங்கம் தன் சொந்த உறுப்பினரை ஒருமுறைகூடச் சோதிக்காதது எப்படி என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் படம் திணறும்.

*அண்ணா நகர் வாசகி: நாயகனின் நடிப்பு மரக்கட்டைபோல் இருந்தது. ஆனால் அவனே இயந்திரம் என்று தெரிந்ததும், வேண்டுமென்றே அப்படி நடித்திருக்கிறார் என்று என் கணவர் வாதிடுகிறார். யார் சொல்வது சரி?*

உங்கள் கணவரின் வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் சங்கக் கூட்டத்தில் வரும் மற்ற உறுப்பினர்களும் அதே மரக்கட்டைத் தொனியில்தான் பேசுகிறார்கள். எல்லோருமே இயந்திரங்கள் என்று அவர் சொல்லத் துணிந்தால் ஒழிய, வழக்கு உங்கள் பக்கமே.

*தாம்பரம் வாசகர்: குழந்தைகளோடு பார்க்கலாமா?*

தாராளமாக. அரைமணி நேரத்தில் தூங்கிவிடுவார்கள்.

*வேளச்சேரி வாசகர்: ரேவன் கடைசியில் நம்மைப் பார்த்துத் திரும்பி, நீங்களும் இந்த நினைவேற்றச் சிகிச்சையின் வழியில் வந்தவர்களே என்பதுபோல் பேசுவது மலிவான தந்திரம். ஒரு நல்ல காட்சியைக் கெடுத்துவிட்டார்கள்.*

மலிவுதான். நானும் முகம் சுளித்தேன். ஆனால் உங்களோடு முழுமையாக உடன்படத் தயக்கம். அந்த ஒரு திருப்பத்தால், படத்தில் காட்டியது எதிர்காலம் அன்று, முடிந்துபோன பழங்கதை என்றாகிவிடுகிறது. இதுவரை பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர் கதையின் வாரிசாகிவிடுகிறார். ஒரு காசு செலவில்லாமல் இதைச் சாதித்திருக்கிறார்கள். அந்த நடிகர் கொஞ்சம் குறைவாகப் புன்னகைத்திருந்தால் நமக்குள் கருத்து வேறுபாடே வந்திருக்காது.

*சைதாப்பேட்டை வாசகர்: 'குறைந்த செலவுப் படம்' என்று சொல்லிச் சொல்லியே குறைகளை மன்னித்துவிடுகிறீர்கள். டிக்கெட் விலை ஒன்றுதானே? அப்படி என்றால் எவ்வளவு செலவு 'குறைந்த' செலவு?*

நேர்மையான கேள்வி. ஹாலிவுட் கணக்கு நம் கணக்கன்று. 2015-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'எக்ஸ் மெஷினா' ஒரு பெண் ஆண்ட்ராய்டைப் பற்றியது; சுமார் ஒன்றரைக் கோடி டாலரில் எடுக்கப்பட்டது; அதை அங்கே சிறிய படம் என்றார்கள். அன்றைய மதிப்பில் அது நம் பணத்தில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்! அந்தச் சிறிய படம், பல மடங்கு செலவில் எடுத்த படங்களோடு போட்டியிட்டு, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரைப் பெற்றது. அவர்கள் சாமர்த்தியம் எங்கே என்றால், காட்ட வேண்டிய அதிசயத்தை ஒரே உடலில் அடக்கிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் ஒரு வீடும் சில மனிதர்களும்.

1982-இல் வந்த 'ஆண்ட்ராய்ட்' என்ற படம் இன்னும் சிக்கனமானது. சிக்கனப் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் நிறுவனத்தில் மற்றப் படங்களுக்குப் போட்டு வைத்திருந்த செட்டுகளிலேயே அதை எடுத்து முடித்தார்கள். செலவு குறைவு என்பதற்காக எதையும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் இருந்த பணத்தை எங்கே போட்டார்கள் என்று பார்ப்பது மன்னிப்பாகாது, அது மதிப்பீடு. நம் படத்தில் ஒளிப்பதிவுக்கும் முகத்துக்கும் போட்டவர்கள், வசனத்தை இன்னொரு முறை திருத்தி எழுதுவதற்கு ஒன்றும் போடவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

*வடபழனி, உதவி இயக்குநர்: தமிழில் இயந்திர மனிதன் என்றாலே பிரம்மாண்டம் என்றாகிவிட்டது. நான் ஓர் ஆண்ட்ராய்டை வைத்து, ஒரே வீட்டில் நடக்கும் குறும்படம் எடுக்கவிருக்கிறேன். கையில் இருப்பது சொற்பப் பணம். எதில் செலவு செய்ய வேண்டும், எதில் கூடாது?*

2010-இல் 'எந்திரன்' வந்த பிறகு அந்தப் பிரம்மாண்டம் நம் பார்வையாளரின் எதிர்பார்ப்பாகவே ஆகிவிட்டது என்பது உண்மை. ஆனால் 2019-இல் மலையாளத்தில் வந்த 'ஆண்ட்ராய்ட் குஞ்ஞப்பன்' படத்தில் ரோபோ உடைக்குள் ஒரு நடிகரை வைத்தே ஒரு கிராமத்து முதியவரின் கதையைச் சொல்லிவிட்டார்கள். 2022-இல் அது 'கூகுள் குட்டப்பா' என்று தமிழுக்கும் வந்தது. எனவே வழி அடைபட்டுவிடவில்லை.

மனிதனைப் போன்றே இருக்கும் ஆண்ட்ராய்ட் என்றால் உங்களுக்கு உடையும் தேவையில்லை. கிராஃபிக்ஸில் கை வைக்காதீர்கள். அரைகுறைக் கிராஃபிக்ஸ் போல் படத்தைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. முதல் செலவு ஒலிக்கு. நம் குறும்படங்களில் முகம் தெளிவாகத் தெரிகிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இயந்திரத்தின் அமைதியைக் காட்ட வேண்டிய கதையில் பின்னணியில் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தால் எல்லாம் போயிற்று. வடபழனியில் படம்பிடித்தால் ஆட்டோ ஹாரனுக்கும் வழி கண்டாக வேண்டும். இரவில் எடுங்கள் அல்லது டப்பிங்குக்குப் பணம் ஒதுக்குங்கள். இரண்டாவது செலவு, மேடையில் பழகிய நடிகருக்கு. கண் சிமிட்டுவதைத் தள்ளிப்போடவும், பதில் சொல்லும் முன் அரைக் கணம் நிற்கவும், அதைக் காட்சிக்குக் காட்சி மாறாமல் செய்யவும் பயிற்சி வேண்டும். கூத்துப்பட்டறை போன்ற இடங்களில் உடலைப் பழக்கியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த ஆண்ட்ராய்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற விதிகளை ஒரு தாளில் எழுதி நடிகரிடமும் எடிட்டரிடமும் கொடுத்துவிடுங்கள். படத்தில் அவற்றை யாரும் வாய்விட்டு விளக்க வேண்டாம்.

முகத்துக்குச் சாயம் பூசுவதாக இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே கேமராவில், அதே விளக்கில், வியர்வை அரும்பும்வரை நடிகரை உட்காரவைத்துச் சோதித்துப் பாருங்கள். சென்னை வெக்கையில் பாதிச் சாயம் கழுத்துக்கு இறங்கியிருக்கும். கண்ணில் லென்ஸ் வைக்க நினைத்தால் கடையில் கிடைப்பதை வாங்காமல், கண் மருத்துவரிடம் அளவு பார்த்து வாங்குங்கள். அதை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் விளக்கின் முன் நிற்கப்போகிறவர் உங்கள் நடிகர்.